எங்கள் மலைக்கல்லும் இரண்டு துருவங்களும்

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும்போது, தேயிலைக்கு நடுவே முதுகு காட்டிக்கொண்டு கிடக்கும் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். மழை கழுவிவிட்ட ஒரு முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாய் ஓடும் கல்லில் மிளகளவு, சில இடத்தில் சுண்டைக்காய் அளவு, சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அதுதான் கார்னெட். இதே வரி, இதே சிவப்புப் புள்ளி, அந்தாட்டிக்காவில் ஜப்பான்காரர்களின் ஷோவா நிலையம் இருக்கிற லூட்சோ-ஹோம் விரிகுடாக் கரையிலும் உண்டு. ஒரு காலத்தில் அந்தக் கரையும் எங்கள் மலைநாடும் பக்கத்துப் பக்கத்து நிலம்.

அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, “அத்தை, 2032-ல ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு வருதாமே, அதுல நமக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாள். துருவ ஆண்டு என்றால், பல நாடுகள் சேர்ந்து ஒரே காலத்தில் துருவங்களை அளந்து ஆராய்கிற காலம். நல்ல கேள்வி. வாயால் சொன்ன பதில் எனக்கே போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் தின் செக்‌ஷன் வெட்டியவள். பிறந்தது தோட்டத்தில். அப்பா கல்லுக்கட்டு வேலை செய்தவர். தோட்டத்து ரோட்டோரச் சுவர்களும் கான்களும் அவரும் அவருடைய ஆட்களும் கட்டியவை. சுத்தியல் பட்டதும் எழும் சத்தத்தை வைத்தே கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். அதில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தின் செக்‌ஷன் என்றால் என்ன என்று பலர் கேட்பார்கள். கைப்பிடிக் கல்லிலிருந்து, வைரம் பதித்த வாளால் தீப்பெட்டிக்கும் சின்னதாக ஒரு துண்டு எடுக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு ஒரு முகத்தைத் தேய்க்க வேண்டும். முதலில் கரட்டுப் பொடி, பிறகு நைசு, கடைசியில் மாவுபோன்றது. தேய்த்த முகத்தைக் கண்ணாடி ஸ்லைடில் எபொக்சி வைத்து ஒட்டி, மிச்சத்தை அறுத்து எறிந்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து மறுபடி தேய்ப்பு. 0.03 மில்லிமீற்றருக்கு வரும்வரை தேய்க்க வேண்டும். அதை அளப்பது கண்தான். நுணுக்குக்காட்டியில் போலரைசர் என்ற ஒளி வடிகட்டிகள் இரண்டையும் குறுக்கே போட்டுப் பார்க்கும்போது குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிப்பு இருக்கிறது. வெளிறிய சாம்பலுக்கு வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் கல்லே போய்விடும்.

கார்னெட் மட்டும் அந்த வெளிச்சத்தில் எப்போதும் கறுப்பு. ஸ்லைடை எப்படிச் சுற்றினாலும் வெளுக்காது. அந்தக் கறுப்புக்குள் எப்போதாவது சாம்பலும் மஞ்சளுமாக ஒரு துணுக்கு மினுங்கும். சுற்றிலும் உள்ள பாறையில் அது எங்கும் இருக்காது, கார்னெட்டின் வயிற்றுக்குள் மட்டும் இருக்கும். அது கயனைட் என்ற கனிமம். பாறை ஆழத்தில் அமுக்குண்டு கிடந்த காலத்தில் உண்டானது. பிறகு சூடு ஏறியபோது வெளியே இருந்த கயனைட் எல்லாம் சிலிமனைட் என்ற வேறொரு கனிமமாக மாறிவிட்டது. கார்னெட் வளர்ந்து மூடிக்கொண்ட துணுக்கு மட்டும் தப்பியது. ஒரு மலைத்தொடர் எந்த வழியாகக் கீழே இறங்கி, எப்படிச் சூடேறி மேலே வந்தது என்பதற்கு அந்தத் துணுக்கு சாட்சி.

ஜப்பானியப் புவிச்சரிதவியலாளர்கள் இந்தச் சாட்சியை லூட்சோ-ஹோம் கற்களிலும் கண்டார்கள், எங்கள் கற்களிலும் கண்டார்கள். இங்கே திருகோணமலையிலிருந்து மலைநாடு வழியாகத் தென்மேற்கு வரை ஓடும் பட்டையை ஹைலண்ட் கொம்ப்ளெக்ஸ் என்பார்கள். இதில் கண்டியைச் சுற்றியுள்ள சில கற்கள் 900 பாகை செல்சியசுக்கு மேல் வெந்தவை. லூட்சோ-ஹோம் பக்கம் ருண்ட்வோக்ஸ்ஹெட்டா என்ற இடத்திலும் அப்படியே வெந்த கல் இருக்கிறது. இரண்டு இடத்துக் கல்லிலும் உள்ள சேர்க்கன் என்ற கனிமத்தின் மணிகளில், வயதைக் காட்டும் யுரேனியம்-ஈயக் கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மோதல் நடந்தது தெரிகிறது. கொண்டுவானாக் கண்டம் ஒன்று கூடிய காலம் அது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அது விண்டு, இந்தியாவும் இலங்கையும் வடக்கே வர, அந்தாட்டிக்கா தெற்கே தங்கிவிட்டது. நுவரெலியாவில் தை மாதம் துகள் உறைபனி கொட்டிக் கொழுந்து கருகும்போது, இதற்குச் சொந்தக்காரப் பாறை கிலோமீற்றர் கணக்கில் தடித்த பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே பனிக்கு வெளியே தலை நீட்டும் பாறை மிகக் குறைவு. கரையோரத்தில் சில திட்டுகள் மட்டும்தான். இங்கேயோ ஆற்றுப்படுகை, ரோட்டு வெட்டு, கல்குவாரி என்று எங்கும் பாறை திறந்து கிடக்கிறது. அந்தாட்டிக்காவில் ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் இடையே பனி மறைத்த பகுதியில் என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டுமானால், இங்கே வந்து நடந்து பார்க்கலாம். அதனால்தான் பனி நாட்டில் கல் பொறுக்கியவர்கள் எங்கள் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் சுத்தியலோடு ஏறினார்கள்.

ஷோவா நிலையம் 1957 ஜனவரி 29 அன்று திறக்கப்பட்டது. சர்வதேச புவிப்பௌதிக ஆண்டுக்காக அமைத்தார்கள். அந்த ஆண்டு 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை நடந்தது, 67 நாடுகள் சேர்ந்தன. போர் முடிந்து 12 வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். அப்படியிருந்தும் 12 நாடுகள் அந்தாட்டிக்காவில் நிலையம் போட்டு அளவுகளைப் பகிர்ந்துகொண்டன. அந்த ஒத்துழைப்பு கலைந்துவிடக் கூடாது என்பதற்காக 1958-ல் அந்தாட்டிக்க ஆய்வுக்கான அறிவியல் குழு, சுருக்கமாக ஸ்கார், உருவானது. 1959 டிசம்பர் 1 அன்று அதே 12 நாடுகள் அந்தாட்டிக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது உறுப்புரை. கண்டதையும் அளந்ததையும் எல்லாருக்கும் திறந்து கொடுக்க வேண்டும், நிலையங்களுக்கிடையே ஆட்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. விஞ்ஞானிகள் முதலில் சேர்ந்து வேலை செய்தார்கள், அரசுகள் அதைப் பார்த்து ஒப்பந்தம் எழுதின. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தாட்டிக்காவின் வொஸ்டொக் நிலையத்தில் பனித்தூணை, அதாவது பனியை ஆழத் துளைத்து எடுக்கும் நீண்ட உருளையை, தோண்டி எடுத்தவர்கள் சோவியத்காரர்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்தது அமெரிக்க விமானம். கிரெனோபிளில் வைத்து அளந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பனிப்போர் இன்னும் ஓயாத எண்பதுகளில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்தத் தூண் 4 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுக் காற்றின் கதையைச் சொன்னது, முழுக் கணக்கும் 1999-ல் வெளியானது. எந்த ஒரு நாட்டாலும் தனியாகச் செய்திருக்க முடியாத வேலை.

வடக்கே இப்படி ஒரு குழு வர இன்னும் 32 வருஷம் எடுத்தது. சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழு 1990-ல்தான் கனடாவின் ரெசல்யூட் பேயில் தொடங்கியது. காரணம் விளங்காமல் இல்லை. தெற்கே நடுவில் நிலம், சுற்றிக் கடல், குடிமக்கள் யாரும் கிடையாது, நில உரிமைச் சண்டையை ஒப்பந்தம் உறைய வைத்துவிட்டது. வடக்கே நடுவில் கடல், சுற்றிவர நாடுகள், பனிக்கு அடியில் நீர்மூழ்கிகள். 1987 அக்டோபரில் கொர்பச்சேவ் மூர்மான்ஸ்கில் பேசி, ஆர்க்டிக்கை அமைதி வலயமாக்குவோம், ஆராய்ச்சியில் ஒத்துழைப்போம் என்று சொன்ன பிறகுதான் வழி திறந்தது. எட்டு ஆர்க்டிக் நாடுகள் தொடங்கின, பிறகு தூர நாடுகளும் சேர்ந்தன. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

சரி, இரண்டு குழுக்களும் ஏன் ஒன்றோடொன்று பேச வேண்டும்? சில விஷயங்களை ஒரு துருவத்தில் மட்டும் நின்று பார்க்கவே முடியாது என்பதுதான் காரணம். ஷோவாவிலிருந்து கிளம்பும் பூமியின் காந்தக் கோடு ஒன்று, நிலநடுக்கோட்டுக்கு மேலே வெகு உயரம் போய் வளைந்து, ஐஸ்லாந்தில் வந்து இறங்குகிறது. அதனால் துருவ ஒளி, அதாவது துருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் வெளிச்சம், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் சோடியாகத் தோன்றும். அதைப் படம் எடுக்க வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் இருட்டாக இருக்க வேண்டும். வடக்கே கோடையானால் தெற்கே குளிர்காலம், ஒரு பக்கத்து வானம் வெளிச்சமாகிவிடும். பகலும் இரவும் சமமாகிற மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டித்தான் அது வாய்க்கும். ஜப்பானின் தேசியத் துருவ ஆய்வு நிறுவனம் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எண்பதுகளிலிருந்து இதைச் செய்துவருகிறது. சில இரவுகளில் இரண்டு ஒளியும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஆடும், சில இரவுகளில் ஒன்று ஒரு பக்கம் நழுவிப்போகும். ஏன் நழுவுகிறது என்பதில்தான் பூமியின் காந்தக் கூட்டை, சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று எப்படி முறுக்குகிறது என்ற விஷயம் இருக்கிறது.

பனித்தூணிலும் இதே கதைதான். கிரீன்லாந்துத் தூணையும் அந்தாட்டிக்காத் தூணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால், இரண்டிலும் ஒரே காலத்தைக் குறிக்கிற அடையாளம் ஒன்று வேண்டும். பனிக்குமிழிகளில் சிறைப்பட்ட மீத்தேன் அந்த அடையாளம். காற்றில் கலந்த மீத்தேன் ஏறத்தாழ ஒரு வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிடும். ஆகவே மீத்தேன் திடீரென்று ஏறிய இடத்தை இரண்டு தூணிலும் பொருத்திவிட்டால் காலம் பொருந்திவிடும். அப்படிப் பொருத்தியபோதுதான் பனியுகத்தில் கிரீன்லாந்து குளிர்ந்து கிடந்த காலத்தில் அந்தாட்டிக்கா மெல்லச் சூடேறியதும், வடக்கு திடீரென்று சூடானதும் தெற்கு திரும்பக் குளிரத் தொடங்கியதும் தெரியவந்தது. அத்திலாந்திக் சமுத்திர நீரோட்டம் சூட்டை இங்கும் அங்கும் மாற்றிப் போடுகிற வேலை அது. வடக்கே தோண்டுகிறவரும் தெற்கே தோண்டுகிறவரும் தரவைப் பூட்டி வைத்திருந்தால் இந்த உண்மை இன்னும் பனிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

இதையெல்லாம் முதலில் யோசித்தவர் ஒரு கடற்படை அதிகாரி. கார்ல் வெய்ப்ரெக்ட், ஒஸ்திரிய-ஹங்கேரிக்காரர். கப்பல் பனியில் மாட்டிக்கொண்டு 1872 முதல் 1874 வரை வடக்கே அலைந்து திரும்பியவர். யார் முதலில் துருவத்தைத் தொடுவது என்ற ஓட்டப்பந்தயத்தை விட்டுவிட்டு, பல நாடுகள் பல இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்று வாதாடினார். 1882-83-ல் முதலாவது துருவ ஆண்டு நடந்தது, 12 நாடுகள் சேர்ந்தன. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1881-ல் இறந்துபோனார். அப்புறம் 1932-33-ல் இரண்டாவது. மூன்றாவதைத்தான் புவிப்பௌதிக ஆண்டு என்கிறோம். நான்காவது 2007 மார்ச் முதல் 2009 மார்ச் வரை நடந்தது. அதன் நடுவே 2008 ஜூலையில் இரண்டு துருவக் குழுக்களும் சென்ட் பீட்டர்ஸ்பேர்க்கில் கூட்டாக மாநாடு வைத்தன, 2018-ல் டாவோசில் மறுபடியும் கூடின. முதல் ஆண்டுக்கு 150 வருஷம் நிறைகிற 2032-33-க்கான ஏற்பாட்டையும் இரண்டு குழுக்களும் சேர்ந்துதான் முன்னின்று நடத்துகின்றன.

இப்போது வடக்கில் பெரிய விரிசல். 2022-ல் உக்ரேன் போர் தொடங்கியதும், எட்டு ஆர்க்டிக் நாடுகளின் அரசுகள் கூடும் ஆர்க்டிக் சபையின் வேலை நின்றுபோனது, பிறகு அரைகுறையாகத்தான் மீண்டது. ஆர்க்டிக் கரையில் பாதியளவு ரஷ்யாவினுடையது. அங்குள்ள நிலையங்களின் அளவுகள் வராவிட்டால் சைபீரிய உறைநிலம் எவ்வளவு வேகமாக உருகுகிறது என்ற கணக்கில் பெரிய ஓட்டை விழும். எனக்கு இது உண்மையாகவே வேதனை தருகிறது. 1957-ல் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

வடக்கிலிருந்து நாங்கள் கற்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ஆர்க்டிக்கில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். ஆர்க்டிக் சபையில் இனுயிட், சாமி, அலியூட் என்று பூர்வகுடிகளின் ஆறு அமைப்புகள் நிரந்தரப் பங்காளிகளாக அரசுகளோடு ஒரே மேசையில் உட்காருகின்றன. யாருடைய நிலத்தில் ஆராய்ச்சி நடக்கிறதோ அவர்களைக் கேட்காமல் செய்வது சரியில்லை என்ற எண்ணம் அங்கே மெல்ல மெல்ல வேரூன்றிவருகிறது. எங்கள் மலைகளில் நடந்தது வேறு. வெளிநாட்டிலிருந்து கல் தேடி வந்தவர்களை ஆற்றோரம் கூட்டிப் போனது தோட்டத்துப் பொடியன்கள். எந்தப் பாதையில் அட்டை அதிகம், எந்தப் பாறை சறுக்கும், எந்த மலையில் சிவப்புக் கல் கிடைக்கும் என்று சொன்னது அவர்கள். கல் மூட்டையைத் தோளில் சுமந்து ரோட்டுக்கு இறக்கியதும் அவர்கள். பிறகு வந்த கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஜீப் கொடுத்தவருக்கு நன்றி இருக்கும், தங்க இடம் கொடுத்தவருக்கு நன்றி இருக்கும், பொடியன்களின் பேர் இருக்காது. எங்கள் கையால் வெட்டிய ஸ்லைடுகளிலும் நம்பர் மட்டும்தான். கெட்ட எண்ணத்தில் விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வந்தவர்களில் பலர் அன்பானவர்கள், சுடுதண்ணீரும் ரொட்டியும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஆனால் நிலத்தையும் கல்லையும் ஆராய்ச்சி எடுத்துக்கொண்டது, அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. இது மாற வேண்டும்.

நோர்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நீ-ஒலெசுண்ட் என்றொரு கிராமம், வடக்கு 79 பாகையில். ஒரு காலத்தில் நிலக்கரிக் கம்பெனியின் ஊர். வீடு, கடை எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம், லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1962-ல் சுரங்கம் வெடித்து 21 பேர் செத்தார்கள், அடுத்த வருஷம் மூடிவிட்டார்கள். இன்று அதே ஊரில் நோர்வே, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், சீனா, கொரியா, இந்தியா என்று பல நாடுகளின் நிலையங்கள். இந்தியாவின் ஹிமாத்ரி 2008-ல் அங்கே திறந்தது. ஷோவாவை நடத்துகிற அதே ஜப்பானிய நிறுவனத்துக்கு 1991 முதல் அங்கும் ஒரு நிலையம் உண்டு.

மருமகளின் கேள்விக்கு வருகிறேன். இலங்கை அந்தாட்டிக்க ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் பதின்மூன்றாவது உறுப்புரைப்படி ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் சேரலாம். மலேசியா 2011-ல் சேர்ந்தது, பாகிஸ்தான் 2012-ல். கடலே இல்லாத மொங்கோலியா 2015-ல் சேர்ந்தது. அந்தாட்டிக்காவின் துண்டொன்றில் குடியிருக்கிற நாங்கள் வெளியே நிற்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. சேர்வதற்கு முதலில் கப்பலோ நிலையமோ வேண்டாம்.

கொடுப்பதற்கும் எங்களிடம் நிறைய இருக்கிறது. கல்லைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று மழை. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து தோட்டம் தோட்டமாகக் கணக்கப்பிள்ளைமார் மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவந்திருக்கிறார்கள். 1925-ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. சமுத்திரத்தின் தென்முனை சூடேறும்போது இந்து சமுத்திர மழை எப்படி நகரும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் பழைய பதிவேடுகள் வேண்டியிருக்கும். பல தோட்டங்களில் அவை கரையான் தின்ன மூலையில் கிடக்கின்றன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபரில் மலை இறங்கி லயங்களை மூடியதை மறந்திருக்கமாட்டீர்கள். மழைக் கணக்கும் பாறைக் கணக்கும் எங்களுக்கு உயிர்க் கணக்கு.

படிக்கிற பிள்ளைகள் அரசாங்கம் கையெழுத்திடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. துருவ ஆய்வில் இருக்கும் இளையவர்களுக்கு ஏபெக்ஸ் என்று ஒரு சங்கம் இருக்கிறது. நான்காவது துருவ ஆண்டை ஒட்டித் தொடங்கியது. எந்த நாட்டுக்காரரும் சேரலாம், காசு இல்லை. இரண்டு துருவத்துப் பிள்ளைகளும் அதில் ஒன்றாக இருக்கிறார்கள். மருமகள் சேர்ந்துவிட்டாள்.

என்னால் முடிந்ததை நானும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது புவிச்சரிதவியல் படித்துக்கொண்டிருந்தால், அல்லது ஏ.எல். முடித்துவிட்டு அந்தப் பக்கம் போக நினைத்தால், கீழே எழுதுங்கள். தின் செக்‌ஷன் வெட்டுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணாடித் தட்டும் பொடியும் என்னிடம் உண்டு, வாளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். வரும்போது உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கல் எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த மலையிலிருந்து எடுத்தது, யார் காட்டித் தந்தது என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். ஸ்லைடில் அந்தப் பேரையும் சேர்த்து ஒட்டுவோம்.